கருவியிலேயே செயற்கை நுண்ணறிவு: எந்த வன்பொருளை வாங்குவது?

இறுதியாண்டு மாணவர்கள், ஆய்வு மாணவர்கள், சிறு தொழில் நடத்துபவர்கள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "சென்சாரையோ கேமராவையோ வைத்து, அந்த இடத்திலேயே முடிவெடுக்கும் கருவி ஒன்று செய்ய வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் போதுமா, ராஸ்பெர்ரி பை வேண்டுமா, ஜெட்சன் வாங்கலாமா, எஃப்பிஜிஏ என்கிறார்களே, அது எதற்கு?" கேள்வியோடு ஒரு பட்டியலும் வரும். ஒவ்வொரு பலகைக்கும் நேராக, அது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குகளைப் போடும் என்ற 'டாப்ஸ்' எண் எழுதியிருக்கும்.

அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கணக்குப் போடுவது இன்று மலிவாகிவிட்டது. எண்களை நினைவகத்திலிருந்து எடுத்துவருவதும், கருவி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் கொண்டுபோவதும்தான் கையைக் கடிக்கின்றன. இந்த இரண்டையும் முதலில் கணக்குப் பார்த்துவிட்டால், பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

பொத்தாம் பொதுவாகப் பேசாமல் இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, காட்டோரக் கேமரா. கோவை நவக்கரை அருகே 2021 நவம்பரில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதன் பிறகு மதுக்கரை வனச்சரகத்தில் தமிழக வனத்துறை 2024-இல் ஒரு கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. கோபுரங்களில் வெப்பக் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி, பாதையை நெருங்கும் யானைகளைக் கண்டறியும் ஏற்பாடு அது. இரண்டாவது வேலை, நூற்பாலை மோட்டார். அதிர்வைக் கேட்டு, பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

மின்சாரம். சுவரில் பிளக் இருக்கிறதா, சூரியத் தகடா, பேட்டரி மட்டும்தானா? பல திட்டங்கள் இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டுத்தான் கவிழ்கின்றன.

எண்களின் போக்குவரத்து. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹாரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட கணக்கை இந்தத் துறையில் வேலை செய்யும் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். 45 நானோமீட்டர் சில்லில் 32 பிட் தசம எண்கள் இரண்டைப் பெருக்க ஆகும் ஆற்றல் சுமார் 3.7 பைகோஜூல் (ஒரு ஜூலை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பைகோஜூல்). 8 பிட் முழு எண்களைப் பெருக்க 0.2 போதும். ஆனால் அந்த 32 பிட் எண்ணைச் சில்லுக்கு வெளியே இருக்கும் டிராம் நினைவகத்திலிருந்து எடுத்துவர சுமார் 640 பைகோஜூல் ஆகும். கணக்கைவிடப் போக்குவரத்துக்கு 170 மடங்கு செலவு. கடந்த பத்தாண்டுகளின் வன்பொருள் ஆராய்ச்சியில் பெரும் பகுதி இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றியே நடக்கிறது. மாடலின் (பயிற்சி பெற்ற நியூரல் நெட்வொர்க்கின்) எடைகளை, அதாவது அது கற்றுவைத்திருக்கும் எண்களை, 8 பிட்டாகவும் 4 பிட்டாகவும் சுருக்கும் குவாண்டைசேஷன், நினைவகத்துக்குள்ளேயே கணக்குப் போடும் சில்லுகள், ஒருமுறை எடுத்த எண்ணைப் பலமுறை பயன்படுத்தும் கூகுளின் டிபியு சில்லு எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. ஆகவே எந்தப் பலகையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: என் மாடல் சில்லின் உள்நினைவகத்தில் அடங்குமா? அடங்காவிட்டால், வெளிநினைவகத்திலிருந்து நொடிக்கு எத்தனை ஜிகாபைட் வரும்?

கெடு. பதில் எவ்வளவு நேரத்துக்குள் வர வேண்டும், ஒருமுறை தவறினால் என்ன ஆகும்? சராசரி வேகம் வேறு, ஒருமுறைகூடத் தவறாத வேகம் வேறு.

ஆள். மூன்று ஆண்டுகள் கழித்து இதைத் திறந்து சரிசெய்யப்போவது யார்? கல்லூரித் திட்டத்துக்கு இது முக்கியமில்லை. ஆலைக்கும் காட்டுக்கும் இதுதான் முக்கியம்.

## வழி 1: எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்புவது

வன்பொருள் பட்டியலில் இது இருக்காது. ஆனாலும் முதலில் இதைக் கழித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு வெப்பநிலை அளவு, மணிக்கு ஒரு புகைப்படம் என்ற அளவில் இருந்தால் அனுப்பிவிடுங்கள். கருவியில் மாடலை ஓட்டத் தேவையே இல்லை. மாடலைத் திருத்துவதும் எளிது, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

வீடியோ என்றால் கதை மாறுகிறது. நொடிக்கு 2 மெகாபிட் என்று சுருக்கிய ஒரு கேமரா, நாளொன்றுக்கு 21.6 ஜிபி அனுப்பும். நாளுக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். மோட்டார் அதிர்வும் லேசுப்பட்டதல்ல: மூன்று அச்சுகள், நொடிக்கு 4,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட் என்றால் ஒரு மோட்டாருக்கே நாளுக்கு 2 ஜிபிக்கு மேல். நூறு மோட்டார் உள்ள ஆலையில் அது நாளுக்கு 200 ஜிபியைத் தாண்டும். அத்தனையும் அனுப்பிப் பெறுவது "நல்ல நிலை" அல்லது "தேய்கிறது" என்ற சில பைட்டுகள்தான்.

மறைந்திருக்கும் செலவு மாதக் கட்டணம் மட்டுமல்ல. மழைக்காலத்தில் செல்போன் டவர் செயலிழக்கும் நாளில்தான் காட்டோரக் கருவி அதிகம் தேவைப்படும்.

## வழி 2: மைக்ரோகன்ட்ரோலர்

மைக்ரோகன்ட்ரோலர் என்பது செயலியும் சிறிதளவு நினைவகமும் ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இஎஸ்பி32 பலகைகளை எல்லோருக்கும் தெரியும். இஎஸ்பி32-எஸ்3 சில்லில் 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர்களும், 512 கிலோபைட் உள்நினைவகமும், நியூரல் நெட்வொர்க் கணக்குகளுக்கு உதவும் வெக்டர் கட்டளைகளும் இருக்கின்றன. உள்நாட்டுச் சில்லில்தான் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய தேஜாஸ்32 இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ், 256 கிலோபைட்.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்குத்தான் ஆராய்ச்சி அழகான பதில்களைத் தந்திருக்கிறது. சிறு கருவிகளில் மாடலை ஓட்டும் கூகுளின் மென்பொருள் நூலகம் டென்சர்ஃப்ளோ லைட். மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான அதன் பழைய எடுத்துக்காட்டு ஒன்று, படத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை 250 கிலோபைட் மாடலைக் கொண்டே சொல்லும். எம்ஐடியில் சாங் ஹானின் குழு 2020-இல் வெளியிட்ட எம்சியுநெட், மாடலையும் அதை ஓட்டும் மென்பொருளையும் ஒன்றுக்கொன்று பொருந்தச் சேர்த்தே வடிவமைத்தது. இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பில், ஒரு படம் ஆயிரம் வகைகளுள் எது என்பதை 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லும் மாடலைக் கடையில் கிடைக்கும் மைக்ரோகன்ட்ரோலரில் ஓட்டிக் காட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மோட்டார் வேலைக்கு இதுவே போதும், இதுதான் சரியும்கூட. நம் ஆலைகளில் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார்கள் சாதாரணம். அது நொடிக்கு 24 சுற்று. பேரிங் தேய்மானத்தின் அடையாளங்கள் அதன் சில மடங்கில் தொடங்கித் தெரியும். அதிர்வை அலைவெண்களாகப் பிரித்து, சில பத்து கிலோபைட் மாடலுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது.

யானைக் கேமராவுக்கு இது போதாது. காரணம் வேகமல்ல, பிக்சல். அந்த ஆள் கண்டறியும் மாடல் பார்ப்பது 96-க்கு 96 பிக்சல் படம். 60 பாகைக் கோணத்தில் பார்க்கும் கேமராவுக்கு 100 மீட்டர் தொலைவில் சுமார் 115 மீட்டர் அகலம் தெரியும். ஐந்து மீட்டர் நீள யானை அந்தப் படத்தில் சுமார் நான்கு பிக்சலில் முடிந்துவிடும். எவ்வளவு நல்ல மாடலாக இருந்தாலும் நான்கு பிக்சலில் யானைக்கும் பாறைக்கும் வேறுபாடு தெரியாது. இதே கணக்கை 640 பிக்சல் அகலத்துக்குப் போட்டால் 28 பிக்சல் வரும். அங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது உங்கள் நேரம். மாடலில் இருக்கும் ஏதோ ஒரு அடுக்கை, அதை ஓட்டும் மென்பொருள் நூலகம் ஆதரிக்காது. நினைவகம் சில கிலோபைட் குறையும். பிழைச் செய்தி எதுவும் சொல்லாமல் பலகை மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, பலகையே தின்னும் மின்சாரம். 2,600 மில்லியாம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு நொடி விழித்து 100 மில்லியாம்பியர் எடுத்து, மற்ற நேரம் உறங்கும் கருவி காகிதக் கணக்கில் இரண்டு மாதம் ஓடும். ஆனால் பயிற்சிப் பலகைகளில் எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி, யுஎஸ்பி சில்லு, மலிவு ரெகுலேட்டர் மூன்றும் சேர்ந்து 8 மில்லியாம்பியர் எடுத்தால், அதே பேட்டரி பதினோரு நாளில் தீர்ந்துவிடும். பேட்டரித் திட்டம் என்றால் பயிற்சிப் பலகையை விட்டு, சில்லு மட்டும் உள்ள மாட்யூலுக்குப் போக வேண்டும்.

## வழி 3: ராஸ்பெர்ரி பை

2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5 ஒரு முழுக் கணினி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கார்டெக்ஸ்-ஏ76 கோர்கள், லினக்ஸ், பைத்தான். லேப்டாப்பில் ஓடிய நிரல் ஏறத்தாழ அப்படியே இங்கும் ஓடும். திட்டத்தை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டிய குழுவுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

யானை வேலைக்கு என் முதல் தேர்வு இதுதான். படத்தில் பொருள்களைக் கண்டறியும் யோலோ என்ற மாடலின் சிறிய வகை, 640 பிக்சல் படத்தை எடுத்துக்கொண்டு, துணைச் சில்லு எதுவும் இல்லாமலே நொடிக்குச் சில படங்களைப் பார்த்துவிடும். காட்டிலிருந்து தண்டவாளத்தை நோக்கி நடந்துவரும் விலங்கைக் கண்டறிய நொடிக்கு 30 படம் தேவையில்லை. இரண்டு படம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் ரயில் நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறது, நிற்கவோ பல நூறு மீட்டர் தேவை. ஆகவே எச்சரிக்கை ரயிலுக்குப் பல நிமிடங்களுக்கு முன்பே போயாக வேண்டும். அந்த நிலையில் அரை நொடித் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண். தவறவிட்ட யானையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். வேகம் உண்மையிலேயே போதவில்லை என்றால் நியூரல் நெட்வொர்க் கணக்குகளுக்கென்றே உள்ள 13 அல்லது 26 டாப்ஸ் ஹைலோ சில்லுள்ள துணைப் பலகையைச் சேர்க்கலாம். ஆனால் அதற்கென மாடலை வேறொரு கணினியில், அந்த நிறுவனத்தின் கருவியைக் கொண்டு தனியாகத் தொகுத்தாக வேண்டும்.

மின்சாரம்தான் சங்கடம். சும்மா இருக்கும்போதே சுமார் 3 வாட் எடுக்கும். மேலே சொன்ன அதே பேட்டரி மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சூரியத் தகடும் பெரிய பேட்டரியும் வேண்டும். தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைத்து மே மாத வெயிலில் வைத்தால் சில்லு 80 பாகையைத் தொட்டு, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். ஆகவே படிக்க மட்டும் என்ற முறையில் கோப்பமைப்பை வைத்துவிடுவது நல்லது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு நல்ல தீர்வு, இரண்டையும் சேர்ப்பது. மைக்ரோகன்ட்ரோலர் எப்போதும் விழித்திருந்து, அசைவோ வெப்பமோ தெரிந்தால் மட்டும் பை பலகைக்கு மின்சாரம் கொடுக்கட்டும். பை எழுந்து தயாராகச் சில பத்து நொடிகள் ஆகும். அந்த நேரத்தைப் பொறுக்க முடியும் வேலைகளுக்கு இதுவே சிறந்த ஏற்பாடு.

## வழி 4: ஜெட்சன்

என்விடியாவின் ஜெட்சன், ஜிபியு எனும் கிராஃபிக்ஸ் செயலியோடு வரும் சிறு கணினிப் பலகை. அதன் ஓரின் நானோ சூப்பர் வகை 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில் வந்தது. நம் ஊரில் கைக்கு வரும்போது விலை இன்னும் ஏறும். விளம்பரத்தில் 67 டாப்ஸ் என்று இருக்கும். அந்த எண், மாடலின் எடைகளில் பாதி பூஜ்யமாக இருக்கும்படி ஒழுங்காகக் கத்தரித்திருந்தால் கிடைப்பது. சாதாரண மாடலுக்கு 33 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் பணம் கொடுக்க வேண்டியது இன்னொரு எண்ணுக்காக: நினைவகத்திலிருந்து நொடிக்கு 102 ஜிகாபைட். 700 கோடி எடைகள் உள்ள மொழி மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் 3.5 ஜிபி. ஒவ்வொரு சொல்துண்டை எழுதவும் அந்த 3.5 ஜிபி முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 102-ஐ 3.5-ஆல் வகுத்தால் 29. நொடிக்கு 29 சொல்துண்டுகளுக்கு மேல் எந்த மந்திரத்தாலும் போக முடியாது. பை 5-இன் நினைவக வேகம் 17 ஜிகாபைட், ஆகவே அதன் உச்சவரம்பு ஐந்துக்குள். பலகையை வாங்காமலே, யாருடைய வேகப் பரிசோதனையையும் நம்பாமலே இந்தக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். டாப்ஸ் எண் இதில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே நான்கைந்து கேமராக்களை ஒரே இடத்தில் பார்ப்பது, கருவியிலேயே மொழி மாடலை ஓட்டுவது, ரோபோ போன்றவற்றுக்கு ஜெட்சன்தான். ஒற்றைக் கேமராவுக்கு வாங்கினால் பணமும் 25 வாட் வரையிலான மின்சாரமும் வீண்.

வாங்குமுன் மென்பொருளின் ஆயுளையும் பாருங்கள். 2019-இல் வந்த பழைய ஜெட்சன் நானோவுக்கு, என்விடியா தரும் ஜெட்பேக் மென்பொருள் தொகுப்பின் 4.6 வரிசையோடு கதவு மூடிவிட்டது. அது உபுண்டு லினக்ஸ் 18.04-இல் நிற்கிறது, அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023-இல் முடிந்தது. மலிவாக வருகிறதே என்று பழைய நானோவை வாங்கினால், புதிய நூலகங்களோடு மல்லுக்கட்டியே செமஸ்டர் ஓடிவிடும்.

## வழி 5: எஃப்பிஜிஏ

மற்ற நான்கிலும் வன்பொருள் நிலையானது, நாம் எழுதுவது நிரல். இதில் சுற்றையே நாம் எழுதுகிறோம். இது தேவைப்படும் இடத்தை ஒரே எடுத்துக்காட்டில் சொல்லிவிடலாம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. அதாவது 25 நானோநொடிக்கு ஒருமுறை. எந்த மோதலை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற முதல் முடிவைச் சில மைக்ரோநொடிகளுக்குள் எடுக்க வேண்டும். ஜிபியுவுக்குத் தரவு போய்ச் சேருவதற்குள் கெடு முடிந்துவிடும். நியூரல் நெட்வொர்க்கை நேரடியாகச் சுற்றாக மாற்றும் எச்எல்எஸ்4எம்எல் என்ற திறந்த மென்பொருள் அந்தத் தேவையிலிருந்துதான் வந்தது.

சுற்றாக மாறிய மாடல் ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கை கடிகாரத் துடிப்புகளில் பதில் தரும். இடையில் லினக்ஸ் குறுக்கிடாது. மின் கட்டமைப்புப் பாதுகாப்பு, ரேடார், அதிவேக மோட்டார் கட்டுப்பாடு ஆகியவற்றில் இந்த உறுதிக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் விலையும் அதற்கேற்றது. கல்லூரிகளில் பரவலாக இருக்கும் பின்க்-இசட்2 பலகையின் சில்லில் 220 பெருக்கல் அலகுகளும் சுமார் 630 கிலோபைட் உள்நினைவகமும் இருக்கின்றன. மாடல் அதற்குள் அடங்காவிட்டால் மறுபடியும் டிராமுக்குப் போக வேண்டும், வந்த லாபம் போய்விடும். சுற்றை உருவாக்கித் தரும் விவாடோ மென்பொருளை நிறுவவே பல பத்து ஜிகாபைட் இடம் வேண்டும். சாதாரண நிரலில் ஒரு வரியை மாற்றினால் நொடியில் தெரியும். இங்கே ஒரு மாற்றத்தின் பலனைப் பார்க்கப் பல நிமிடங்கள், பெரிய சுற்றானால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதல்முறை தொடுபவருக்கு ஒரு செமஸ்டர் கற்பதற்கே போய்விடும்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு கூட்டத்துக்கு நான் எஃப்பிஜிஏவைத்தான் வற்புறுத்துவேன்: வன்பொருளே தங்கள் ஆராய்ச்சிப் பொருளாக உள்ளவர்களுக்கு. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலியைச் சாதாரண ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ பலகையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அது யாருடைய உரிமத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ரிஸ்க்-5 கட்டளைத் தொகுப்பில் அமைந்தது. நீங்கள் கண்டுபிடித்த புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்து, அது எத்தனை துடிப்புகளை மிச்சப்படுத்துகிறது என்று அளக்கலாம். அந்தச் சக்தி குடும்பத்திலிருந்து வந்ததுதான் இஸ்ரோவும் ஐஐடி மெட்ராஸும் 2025-இல் அறிவித்த விண்வெளிக்கான ஐரிஸ் சில்லு. 180 நானோமீட்டரில், இந்தியாவிலேயே தயாரானது. சென்னையில் படிக்கும் மாணவருக்கு இந்தப் பாதை இவ்வளவு அருகில் இருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

## ஒரே பார்வையில்

| வழி | மின்சாரம் | மாடல் அளவு | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கிளவுட் | அனுப்புவதற்கு மட்டும் | வரம்பில்லை | டேட்டா, தொடர்பு அறுதல் | எப்போதாவது வரும் சிறு தரவு |
| மைக்ரோகன்ட்ரோலர் | உறக்கத்தில் மிகக் குறைவு | சில நூறு கிலோபைட் | நிரலாளரின் நேரம், பலகையின் கசிவு மின்சாரம் | அதிர்வு, ஒலி, பேட்டரிக் கருவி |
| ராஸ்பெர்ரி பை 5 | 3 வாட்டும் மேலும் | பல மெகாபைட் | வெப்பம், எஸ்டி கார்டு | ஒற்றைக் கேமரா, முதல் மாதிரி |
| ஜெட்சன் ஓரின் நானோ | 25 வாட் வரை | சில ஜிகாபைட் | விலை, மென்பொருள் ஆயுள் | பல கேமரா, மொழி மாடல், ரோபோ |
| எஃப்பிஜிஏ | சில வாட் | உள்நினைவகம் உள்ளவரை | கற்கும் காலம் | மைக்ரோநொடிக் கெடு, செயலி ஆராய்ச்சி |

## வாங்குவதற்கு முன்

இன்னும் முடிவு வரவில்லை என்றால், கடைக்குப் போவதைத் தள்ளிப்போடுங்கள். கருவி நிற்கப்போகும் அதே இடத்தில், அதே தூரத்தில், இரவிலும் பகலிலும் செல்போனால் படமோ ஒலியோ பதிவு செய்யுங்கள். லேப்டாப்பில் மாடலை ஓட்டி, 8 பிட்டுக்குச் சுருக்கி, துல்லியம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். படத்தின் அகலத்தை 640, 320, 96 என்று குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் மாடல் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுருக்கிய கோப்பின் அளவும் தடுமாறும் அகலமும் தெரிந்துவிட்டால், மேலே உள்ள பட்டியலில் உங்களுக்குரிய வரிசை எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எஃப்பிஜிஏ என்று முடிவானால் சொந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். மின்னணுத் துறையின் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். பல கல்லூரிகளில் அந்தப் பலகைகள் பெட்டியிலேயே இருக்கின்றன. மற்ற வழிகளுக்கு, பலகையோடு சேர்த்து மின்னோட்டம் காட்டும் சிறிய யுஎஸ்பி மீட்டர் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். மாடல் ஓடும்போதும் ஓடாதபோதும் அது காட்டும் எண்களைத் திட்ட அறிக்கையில் எழுதுங்கள்.